யாழ்ப்பாணத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாகச் சைக்கிள் ஓட வழி உண்டா?

கேட்டவர் பாரிசில் வளர்ந்த ஒரு தம்பி. இத்தாலியில் கியாந்திப் பக்கம், திராட்சைத் தோட்டங்களை ஊடறுத்துப் போகும் வெள்ளைக் கிரவல் றோட்டுகளில் சைக்கிள் ஓடியிருக்கிறார். ஆடி, ஆவணியில் அம்மாவின் ஊரான உரும்பிராய்க்கு வருகிறாராம். அதே மாதிரி ஒரு பாதை யாழ்ப்பாணத்தில் கிடைக்குமா, எவ்வளவு தூரம், எந்த ரயர் போட வேண்டும் என்பது அவருடைய கேள்வி.

கிடைக்கும் தம்பி. ஆனால் கியாந்தியை மனதில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே ஒரு குன்றில் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் கொடி வரிசைதான். இங்கே ஏறி நிற்பதற்குக் குன்றும் இல்லை, அப்படி விரிந்து கிடக்கும் ஒரே தோட்டமும் இல்லை. நாலு பரப்பு, எட்டுப் பரப்பு என்று துண்டு துண்டாக, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் வாழைக்கும் நடுவே முந்திரிகைப் பந்தல்கள் இருக்கும் (திராட்சையை ஊரில் முந்திரிகை என்றுதான் சொல்வோம்). (16 பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர்.) ஆகவே இங்கே ஓட்டம் என்பது ஒரு பந்தலில் இருந்து அடுத்த பந்தலுக்கு ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடிப் போவதுதான். மணிக்கு 12 கிலோமீற்றருக்கு மேல் ஓடினால் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

முதலில் பந்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அங்கே போனதற்கு அர்த்தம் இருக்கும்.

ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் இலை கொட்டி உறங்கிவிடும். இளவேனிலில் துளிர்த்து, புரட்டாதி ஐப்பசியில் ஒரே ஒரு அறுவடை. யாழ்ப்பாணத்தில் கொடியை உறங்க வைக்கும் குளிர் கிடையாது. விட்டால் வருடம் முழுக்க இலையும் கொப்புமாக ஓடிக்கொண்டே இருக்கும், நன்றாகக் காய்க்காது. இங்கே பருவத்தை உண்டாக்குவது கத்திதான். கொப்புகளை ஒட்ட வெட்டி, இலையை உருவி, தண்ணீரைக் குறைத்துக் கொடியை வெறுமையாக விடுகிறார்கள். பிறகு தண்ணீரும் பசளையும் விட்டவுடன் புதுத் துளிரோடு பூங்கொத்தும் வரும். வெட்டியதில் இருந்து மூன்றரை, நாலு மாதத்தில் பழம். மாரி மழை முடிந்து தை மாசியில் வெட்டினால் வைகாசி, ஆனியளவில் ஒரு அறுவடை. அதன் பிறகு ஓய்வு கொடுத்து மறுபடி வெட்டினால் அதே வருடத்தில் இன்னொன்று. தோட்டத்துக்குத் தோட்டம் இது முன்னே பின்னே மாறும் என்பது உங்களுக்கு நல்லது. ஒரே காலையில் மொட்டைக் கொடியையும், பச்சைப் பிஞ்சையும், கறுத்துக் கனிந்த குலையையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

ஐரோப்பியத் தோட்டங்களில் பெரும்பாலும் நேராக நிற்கும் கம்பி வரிசையில் கொடி ஏறியிருக்கும். இங்கே அது தலைக்கு மேலே படரும். கல்லிலோ கொங்கிறீற்றிலோ தூண் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே பந்தல் போட்டிருப்பார்கள். வெயிலை இலைகள் வாங்கிக்கொள்ள, குலைகள் நிழலில் தொங்கும். உள்ளே குனிந்து போய் நின்றால், பத்து மணி வெயிலிலும் சிவப்பு மண்ணில் பொட்டுப் பொட்டாகத்தான் வெளிச்சம் விழும். அடிமரம் முறுகி, பட்டை நார் நாராக உரிந்திருக்கும். இலைகளிலும் தூண்களிலும் வெளிறிய நீலக் கறை தெரிந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை. பூஞ்சண நோய்க்கு அடிப்பது. 1880களில் பிரான்சின் போர்டோவில் திராட்சைக்கென்றே கண்டுபிடித்த மருந்து, இன்று எங்களுடைய செம்மண்ணில் அதே வேலையைச் செய்கிறது. பந்தலைச் சுற்றி வலை கட்டியிருப்பது குருவிக்கும் அணிலுக்கும் வௌவாலுக்கும். நீங்கள் அதிகமாகப் பார்க்கப் போகிற கறுத்தப் பழத்துக்கு இங்கே இஸ்ரேல் புளூ என்று பெயர்.

சரி, பாதைக்கு வருவோம். கிரவல் என்று நீங்கள் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கியாந்தியில் அந்த வெள்ளை றோட்டுகள் மிஞ்சியிருப்பதற்குச் சைக்கிள்காரர்களும் ஒரு காரணம். 1997இல் காயோலே இன் கியாந்தி என்ற ஊரில் எரோயிக்கா ஓட்டத்தைத் தொடங்கியவர்களுக்கு, அந்த றோட்டுகள் தாருக்குள் மறைந்துவிடக் கூடாது என்ற எண்ணம் இருந்தது. 2007இல் இருந்து அதே மண்ணில் தொழில்முறை வீரர்களின் ஸ்த்ராதே பியாங்கே போட்டியும் நடக்கிறது. சியெனா நகரச் சதுக்கத்தில் முடியும். உங்கள் பிரான்சிலும் பாரிஸ்–தூர் போட்டியில் 2018 முதல் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதைகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நிலைமை வேறு. பிரதான வீதிகள் வழவழப்பான காபெற் தார் வீதிகள் ஆகிவிட்டன. ஊர் ஒழுங்கைகளில் நிறையக் கொங்கிறீற் வந்துவிட்டது. அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். மாரியில் வெங்காய மூட்டையோடு சேற்றில் புதைந்த லான்ட்மாஸ்டரை, அதுதான் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை, தள்ளிய ஆட்களுக்குத்தான் அந்தக் கொங்கிறீற்றின் அருமை தெரியும். ஆனால் ஒழுங்கை முடிந்து தோட்ட வெளி தொடங்கும் இடத்தில் இருந்து இன்னும் மண்தான். சில இடத்தில் கிரவல் கொட்டி இறுக்கியது, சில இடத்தில் சுண்ணாம்புக் கல் உடைத்துப் போட்டது, மிச்சம் வெறும் செம்மண். ஒவ்வொன்றும் சில நூறு மீற்றர்தான் ஓடும். அவற்றைக் கோத்து எடுப்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்வது பலாலி வீதிக்கும் பருத்தித்துறை வீதிக்கும் இடைப்பட்ட நிலம். உரும்பிராய் அதற்குள்ளேயே இருப்பதால் வீட்டுப் படலையில் இருந்தே தொடங்கலாம். கிழக்கே தோட்டங்களுக்குள்ளால் கோப்பாய்க்குப் போங்கள். அங்கே இருந்து நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர். பருத்தித்துறை வீதியிலேயே ஓட வேண்டாம், பஸ்சும் ரிப்பர் லொறியும் விலத்த மாட்டார்கள். வீதிக்கு மேற்குப் பக்கமாக வடக்கே இழுக்கும் ஒழுங்கைகளைப் பிடியுங்கள். நீர்வேலியில் வாழைத் தோட்டங்கள் கூட. கொஞ்சம் தள்ளியே முந்திரிகை வரும். வீதிக்குக் கிழக்கே இறங்கினால் மண்ணின் நிறமே மாறிவிடும். செம்மண் போய்ச் சாம்பல் நிறம், தோட்டம் போய் வயல், அதற்கு அப்பால் உப்பாற்றுக் கடல்நீரேரி. ஒரு கிலோமீற்றருக்குள் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள்.

புத்தூரில் மேற்கே திரும்பிச் சுன்னாகம் போகும் வீதியில் சிறிது தூரத்தில் நிலாவரைக் கிணறு. அங்கே கட்டாயம் நில்லுங்கள். இந்தக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத் தண்ணீர் கல்லைக் கரைத்து உள்ளே இறங்கி, கடல் தண்ணீருக்கு மேலே ஒரு படையாகத் தங்கி நிற்கிறது. நிலாவரையில் மேலே இருப்பது நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. நீங்கள் காலையில் இருந்து பார்த்த ஒவ்வொரு பந்தலும், ஒவ்வொரு வெங்காயப் பாத்தியும் குடிப்பது அந்த மேல் படையைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே வந்துவிடும். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத ஒரு நிலத்தில் இவ்வளவு தோட்டம் எப்படி என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கிணற்றுப் படியில் இருக்கிறது. ஊரெழுவில் உள்ள பொக்கணையும் இதே சுண்ணாம்புக் கல் குடைவுதான், நேரம் இருந்தால் அதையும் பாருங்கள்.

நிலாவரையில் இருந்து குப்பிழான், ஏழாலைப் பக்கம் நல்ல செம்மண். இந்தப் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒழுங்கைகள் குறுகல், இரண்டு பக்கமும் மட்டை வேலியோ கதியால் வேலியோ இருக்கும், திடீரென்று வேலி முடிந்து தோட்ட வெளி திறக்கும். சுன்னாகத்தில் சந்தை. தேத்தண்ணியும் வடையும் அங்கே எடுக்கலாம், பழம் வாங்குவதென்றால் இன்னும் தெற்கே மருதனார்மடம் சந்தையிலும் வாங்கலாம். பிறகு உடுவில், இணுவில், கோண்டாவில் வழியாக உரும்பிராய்க்குத் திரும்பிவிடலாம். சுற்றி வளைத்து ஓடினாலும் 30 கிலோமீற்றர் அளவில்தான் வரும். அரை நாளை அதற்கென்று ஒதுக்குங்கள்.

இந்தத் திசையில்தான் சுற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் காற்று. ஆடி ஆவணியில் தென்மேற்கில் இருந்து சோளகம் அடிக்கும். விடியப்புறம் அடங்கிக் கிடந்து, ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பலமாக எழும்பும். கோப்பாய், புத்தூர் பக்கம் வெளியான இடம், அதை விடியப்புறமே முடித்துவிட வேண்டும். திரும்பி வரும் சுன்னாகம், இணுவில் பக்கம் வீடும் வேலியும் பனையும் காற்றை மறித்துக்கொள்ளும். மாறி ஓடினால் கடைசிப் பத்துக் கிலோமீற்றரும் முகத்தில் புழுதிதான். கியாந்தியில் ஏற்றம் செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. ஆறு மணிக்கு முன்னர் படலை திறந்து வெளிக்கிட்டால் வெயிலில் இருந்தும் தப்பலாம். அந்த நேரத்தில்தான் தோட்டத்தில் ஆட்களும் இருப்பார்கள், தண்ணீர்ப் பம்பு ஓடும், வாய்க்காலில் தண்ணீர் போகும்.

இனி ரயர். நீங்கள் இதை ஒரு வரியில் கேட்டீர்கள், ஆனால் யாழ்ப்பாணத்தில் ஓட்டத்தைக் கெடுக்கக்கூடியது இதுதான்.

எதிரி நெருஞ்சி. தோட்ட வரம்பிலும் பாதை ஓரத்திலும் மஞ்சள் பூவோடு தரையில் படர்ந்திருக்கும். பார்க்க அழகு. காய்ந்த காயில் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். கோடையில் அது ரயருக்குள் இறங்காமல் தோட்ட வெளியைத் தாண்டுவது அரிது. ரியூப் போட்ட சைக்கிள் என்றால் ஒரே இடத்தில் மூன்று நாலு துளை விழும். அதனால் ரியூப் இல்லாத ரயரில் அடைப்புப் பால் (துளையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) விட்டுக்கொண்டு வாருங்கள். நெருஞ்சித் துளை சின்னது, பால் உடனே அடைத்துவிடும். முள்ளைக் கண்டவுடன் பிடுங்காமல், வீட்டுக்கு வந்து காற்று இருக்கிறதா என்று பார்த்துப் பிடுங்குங்கள். பாலை வரும்போதே போத்தலில் கொண்டுவாருங்கள், ஊரில் நம்பி இருக்க வேண்டாம்.

சுண்ணாம்புக் கல் இன்னொரு வகை ஆபத்து. உடைத்துப் போட்ட கல்லின் ஓரம் கூர். ரயரின் பக்கச் சுவரைக் கிழித்தால் பால் நிற்காது. பழைய ரயரில் ஒரு துண்டு வெட்டிப் பையில் வைத்திருந்தால் உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம். அகலம் 40 மில்லிமீற்றர் போதும், 45 இருந்தால் இன்னும் சுகம். 70 கிலோ ஆளுக்கு 2.5 பார் காற்றழுத்தத்தில் தொடங்கிப் பாருங்கள், முன்னால் கொஞ்சம் குறைத்து. ரயர் முகத்தில் பெரிய கட்டை தேவையில்லை. கோடையில் மண் காய்ந்து இறுகி இருக்கும்.

கையிருப்புக்கு உங்கள் அளவு ரியூப் இரண்டு கொண்டுவருவது நல்லது. ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒட்டுப் போடுவதில் கெட்டிக்காரர், சக்கரம் நெளிந்தாலும் கம்பி இழுத்து நிமிர்த்தித் தருவார். ஆனால் அவரிடம் இருப்பது ஊர்ச் சைக்கிளின் 28 இஞ்சிச் சாமான். அந்த 28 இஞ்சி றிம்மின் விட்டம் 635 மில்லிமீற்றர், உங்களுடையது 622. ரயர் மாறிப் பொருந்தாது. ரியூப் இழுபட்டுப் பொருந்தக்கூடும், ஆனால் அதன் வால்வு தடிப்பு. மெல்லிய வால்வுக்குத் துளைத்த உங்கள் றிம்மில் அது நுழையாது. இதைத் தெரியாமல் வந்து, நல்ல சைக்கிளை விறாந்தையில் சாத்தி வைத்துவிட்டு மாமாவின் லுமாலாவில் ஓடித் திரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

உண்மையில் மாமாவின் சைக்கிளும் இந்தப் பாதைக்குப் போதும். போர்க்காலத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத வருடங்களில் இந்தக் குடாநாட்டின் மரக்கறியும் விறகும் நோயாளியும் அந்தச் சைக்கிளில்தான் போய் வந்தன. அது இந்த ஒழுங்கைகளுக்குப் பழகிய வண்டி. ஏற்றம் இல்லாத ஊரில் கியர் இல்லாதது ஒரு குறையே இல்லை. இடுப்பும் கையும் மட்டும் கொஞ்சம் அலுக்கும்.

தோட்டத்துக்குள் நடந்துகொள்ளும் விதம் முக்கியம். நீங்கள் ஓடும் பாதை பொதுப் பாதையாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று குடும்பம் தங்கள் காணியில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுப் போட்ட பாதையாகவும் இருக்கலாம். வித்தியாசம் வெளியே தெரியாது. ஆளைக் கண்டால் இறங்கி, "ஐயா, இதால போகலாமோ?" என்று கேளுங்கள். பெண்கள் நின்றால் "அக்கா" என்றோ "அம்மா" என்றோ கூப்பிடுங்கள். இன்னாருடைய பேரன் என்று சொன்னால் பாதையோடு பழமும் கிடைக்கும். பாதைக்குக் குறுக்கே கிடக்கும் தண்ணீர்க் குழாய்க்கு மேலால் ஏற்றாதீர்கள், தூக்கிக் கடவுங்கள். வாய்க்கால் வரம்பை உடைத்தால் ஒருவரின் அன்றைய இறைப்பு முழுக்க வீண். மருந்து அடித்துக்கொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். பந்தலில் தொங்கும் பழத்தைப் பிடுங்கி வாயில் போடாதீர்கள். கேட்காமல் எடுப்பது ஒரு பக்கம், எப்போது மருந்து அடித்தது என்று உங்களுக்குத் தெரியாது. வாங்குங்கள், கழுவிச் சாப்பிடுங்கள்.

குடிதண்ணீரை வீட்டில் இருந்து கொண்டுபோங்கள். தோட்டக் கிணற்றுத் தண்ணீர் குளிராக, தெளிவாக இருக்கும், குடிக்க ஆசையும் வரும். ஆனால் பல வருட உரம் மண்ணுக்குள்ளால் இறங்கி, பாதுகாப்பான அளவுக்கு மேல் நைதரேற்று உள்ள கிணறுகள், இந்த ஊர்கள் எல்லாம் அடங்கிய வலிகாமத்தில் உண்டு. முகம் கழுவலாம், தலையில் ஊற்றலாம்.

இன்னும் வடக்கே, வசாவிளான், பலாலிப் பக்கம் போக ஆசைப்படுவீர்கள். நல்ல செம்மண் நிலம் அங்கேயும் உண்டு. 1990 முதல் சனம் வெளியேறிக் கிடந்து, 2009க்குப் பிறகு கட்டம் கட்டமாக விடப்பட்ட காணிகள் அவை. இன்னும் விடப்படாதவையும் இருக்கின்றன. கைபேசி வரைபடத்தில் கோடு இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள், கம்பி வேலியில் போய் முடியும். விடப்பட்ட இடத்திலும் பற்றை மூடிய வளவுக்குள் இறங்க வேண்டாம். கட்டு இடிந்து புல் மூடிய பாழ்கிணறுகள் கண்ணுக்குத் தெரியாது. பாதையை விட்டு விலகாமல், ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தோலகட்டியும் அந்தப் பக்கம்தான். அங்கே தொடங்கிய செபமாலைதாசர் சபையாரின் நெல்லிரசத்தை உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். அதே சபைக் கன்னியர் யாழ்ப்பாணம் கொழும்புத்துறை வீதி மடத்தில் திராட்சைச் சாறும் கறுவா, கராம்பு மணக்கும் இனிப்பு வைனும் செய்து விற்கிறார்கள். திராட்சைக்காக வருகிற ஆள் அங்கே போகாமல் திரும்பக் கூடாது.

முந்திரிகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மண் பாதைதான் வேண்டும் என்றால் இன்னும் இரண்டு இடம். ஒன்று வழுக்கையாறு. மாரியில் மட்டும் ஓடும் ஆறு, ஆடியில் வறண்டு கிடக்கும். கந்தரோடையில் சுண்ணாம்புக் கல் தூபிகளைப் பார்த்துவிட்டு, வயல் வெளிகளை ஒட்டித் தென்மேற்கே அராலி வரை இறங்கலாம். காற்று முகத்தில்தான் அடிக்கும், திரும்பும்போது முதுகில். மற்றது நெடுந்தீவு. குறிகாட்டுவானில் இருந்து படகு, ஒரு மணி நேரப் பயணம், சைக்கிளையும் ஏற்றலாம், படகுக்காரரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முருகைக்கல் மதில்கள், மட்டக் குதிரைகள், பெருக்கு மரம். முழு நாளும் கிரவலில் ஓட வேண்டும் என்றால் நெடுந்தீவுதான். நிழல் கிடையாது, தண்ணீர் மூன்று போத்தலாவது வேண்டும். மணற்காட்டுக்குச் சைக்கிளில் போகச் சொல்ல மாட்டேன், மணலில் 45 மில்லிமீற்றர் ரயரும் புதையும்.

ஆவணியை ஒட்டி வந்தால் நல்லூர்த் திருவிழாக் காலம். 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மறித்திருப்பார்கள். உரும்பிராயில் இருந்து பட்டணத்துக்குப் போவதென்றால் வேறு வழியால் சுற்றிப் போக வேண்டும். தேர், தீர்த்தம் நடக்கும் நாட்களில் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு எல்லோரோடும் கோயிலுக்குப் போங்கள். அந்த நாட்களில் தோட்டத்திலும் ஆட்களைக் காண்பது அரிது.